தோடர் பூவேலையை விற்கும் பெருமக்களுக்கு

ஆடை வணிகப் பெருமக்களுக்கும், வடிவமைப்புக் கலைஞர்களுக்கும், மலைநாட்டு நினைவுப் பொருள்களை விற்று வாழும் அன்பர்களுக்கும் எழுதும் மடல்.

சில காலமாக உங்கள் கடைகளின் கண்ணாடி அலமாரிகளிலும், கண்காட்சிகளில் நீங்கள் அமைக்கும் அரங்குகளிலும், வெள்ளைத் துணியின்மீது சிவப்பும் கறுப்புமாகக் கோலம் விரிந்த சால்வைகளையும், தோள்பைகளையும், மெத்தை உறைகளையும் கண்டு வருகிறேன். அவற்றைப் பார்த்த மாத்திரத்தில், நீலகிரியின் தோடர் குலப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் பூவேலை என்று எவருக்கும் தோன்றும். நீங்களும் 'தோடா டிசைன்' என்று சொல்லியே அவற்றை விற்கிறீர்கள். ஆனால் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால், அவற்றுள் பல சாயம் பூசி அச்சடித்தவை என்பதும், வேறு பல இயந்திரத்தின் ஓட்டத்தில் உருவானவை என்பதும், தோடர் குலப் பெண் ஒருத்தியின் விரல்கூட அவற்றின்மீது பட்டதில்லை என்பதும் தெளிவாகிவிடுகின்றன. இதைப் பிறரிடம் புகாராகச் சொல்வதற்கு முன் உங்களிடமே நேராகச் சொல்வதுதான் நியாயம் என்று கருதி எழுதுகிறேன். உங்கள் தொழிலை நிந்திப்பது என் நோக்கமன்று. அழகிய துணிகளை ஊர்தோறும் கொண்டு சேர்க்கும் உங்களிடம் எனக்கு மதிப்புண்டு. அந்த மதிப்பினாலேயே இந்த வேண்டுகோளை விடுக்கத் துணிந்தேன்.

நீங்கள் ஒரு நொடியில் அச்சடித்துவிடும் அந்தக் கோலம் எப்படி உருவாகிறது என்பதை ஒருமுறை மனத்தில் இருத்திப் பாருங்கள். தோடப் பெண் துணியின்மீது பென்சிலால் வரைந்துகொள்வதில்லை. வளையச் சட்டத்தில் அதை இழுத்துப் பூட்டுவதுமில்லை. இழை தெரியும்படி நெய்த சற்று முரடான பருத்தித் துணியை மடிமீது விரித்து, அதன் மறுபக்கத்தைத் தன் பக்கமாக வைத்துக்கொண்டு, ஊசி முனையால் இழைகளை ஒவ்வொன்றாக எண்ணி, எண்ணிய கணக்குப் பிசகாமல் நூலை உள்ளே செலுத்தி வெளியே எடுக்கிறாள். ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசைக்குத் திரும்பும்போது நூலை இறுக்கி இழுத்துவிடாமல் சிறிதளவு தளர்த்தி விடுகிறாள். அந்தத் தளர்ச்சியினால்தான் பூவேலை தட்டையாக ஒட்டிக்கிடக்காமல் மேலெழுந்து, கை வைத்தால் மெத்தென்று படுகிறது. எருமைக் கொம்பும், மலை முகடும், முயலின் காதும் அவள் மனக்கணக்கிலேயே இருக்கின்றன. முதன்முறையாகப் பார்ப்பவர்கள் இதைத் தையல் என்று நம்பாமல், தறியிலேயே இப்படி நெய்து எடுத்ததாக எண்ணிவிடுவார்கள். அவ்வளவு நுட்பமாகத் துணியும் பூவும் ஒன்றாகிவிடுகின்றன. துணியின் இரு புறங்களும் உபயோகத்துக்கு உரியவையாக அமைவதும் இதன் விசேஷம். ஒரு முழுச் சால்வை முடிய வாரக்கணக்கில் ஆகும். வீட்டு வேலையும் குழந்தைகளின் பராமரிப்பும் போக எஞ்சிய பொழுதில், கண்ணையும் முதுகையும் வருத்திக்கொண்டு, மலைக்குளிரில் அமர்ந்து செய்யும் வேலை இது.

உழைப்பின் அருமை ஒரு புறம் இருக்க, அந்தச் சால்வை அம்மக்களின் வாழ்வில் வகிக்கும் ஸ்தானத்தையும் நீங்கள் அறிய வேண்டும். 'பூத்துக்குளி' என்று அவர்கள் சொல்லும் அந்த மேலாடையை ஆணும் பெண்ணும் போர்த்திக்கொள்கிறார்கள். குலத்தில் ஒருவர் இறந்தால், அவருடைய உடலைப் போர்த்தி வழியனுப்புவதும் பூவேலை செய்த பூத்துக்குளியே. ஆகவே, பிழைப்புக்காக நெய்யும் துணிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பெற்றோருக்கும் பெரியோருக்கும் செய்யவேண்டிய கடைசி மரியாதை ஒரு பெண்ணின் கைவிரல்களில் தங்கியிருக்கும் வித்தை இது. நம் வீடுகளிலும் நீத்தாருக்கு என்று ஒதுக்கிவைத்த சடங்குகளும் பொருள்களும் இருக்கின்றன; அவற்றை அந்நியர் ஒருவர் கால்மிதியில் அச்சடித்து விற்றால் நம் மனம் என்ன பாடுபடும் என்பதை நான் விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பூவேலையை அவர்கள் விற்கக் கூடாது என்றோ, பிறர் வாங்கக் கூடாது என்றோ நான் வாதிடவில்லை. தோடப் பெண்களே இன்று பையும், மேசை விரிப்பும், கைபேசி உறையும் தைத்து விற்கிறார்கள். எந்தக் கோலத்தை எந்தப் பொருளில் வைக்கலாம், எதைப் பிறருக்குக் கொடுக்கலாம், எதைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை அவர்களிடம் இருக்கும்வரையில் அந்த விற்பனையில் எந்தத் தோஷமும் இல்லை. அந்தத் தீர்மானத்தை அவர்களைக் கேட்காமலே நீங்கள் செய்துவிடுகிறீர்கள் என்பதுதான் என் மனக்குறை.

அவர்கள் பூவேலையை விற்று வாழும் நிலைக்கு வந்ததற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1819ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறி வந்தார். சில ஆண்டுகளுக்குள், தோடர்களின் எருமைகள் மேய்ந்த நிலத்தை ஏக்கர் ஒரு ரூபாய் வீதம் வாங்கி, உதகமண்டலம் என்ற ஊருக்கு அஸ்திவாரம் இட்டார். அதன்பின் வந்தவர்கள், பயனற்ற வெற்றிடம் என்று தாங்கள் கருதிய புல்வெளிகளில் சீகை மரத்தையும் யூகலிப்டஸையும் தேயிலையையும் நிரப்பினார்கள். புல்வெளி சுருங்கியதும் எருமைகள் குறைந்தன. எருமையே தெய்வமும், எருமைப் பாலைக் காக்கும் பால்கூடமே கோவிலும், அந்தப் பாலைக் கடைபவரே பூசாரியுமாக வாழ்ந்த ஒரு சமூகத்துக்கு அதனால் ஜீவனமும் வழிபாடும் ஒருங்கே ஆட்டம் கண்டன. முதலில் நிலம் போயிற்று. நிலத்தோடு புல்லும், புல்லோடு பாலும் போயின. இவ்வளவுக்குப் பிறகும் பிறர் கை வைக்காமல் எஞ்சி நின்றது பெண்களின் ஊசி ஒன்றே; அதைக்கொண்டு அவர்கள் தங்கள் பிள்ளைகளின் படிப்புக்கும் மருந்துக்கும் நாலு காசு தேடிக்கொண்டார்கள். இப்போது அந்த ஊசியின் பலனையும் அச்சு இயந்திரம் கொண்டுபோகிறதென்றால், இருநூறு ஆண்டுகளாக நடந்துவரும் அபகரிப்பின் கடைசிக் கட்டத்தை நீங்கள் நிறைவேற்றுகிறீர்கள் என்றே சொல்ல வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்தச் சமூகத்தின் தொகை ஏறக்குறைய 2,000 பேர்தான். உங்களில் ஒருவருடைய கிடங்கில் அடுக்கியிருக்கும் அச்சுச் சால்வைகள் அந்தத் தொகையை மிஞ்சிவிடக்கூடும். அத்தனை சிறிய சமூகம் அத்தனை பெரிய சந்தையோடு எவ்வாறு போட்டியிடும்?

சட்டம் இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். இருக்கிறது. தோடர் நலவாழ்வுச் சங்கமும், கோத்தகிரியிலுள்ள கீஸ்டோன் நிறுவனமும், பூம்புகார் என்று நாம் அறிந்த தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து விண்ணப்பித்ததன் பயனாக, 2013ஆம் ஆண்டில் தோடர் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அச்சடித்த துணியை அந்தப் பெயரால் விற்பது அன்று முதல் தண்டனைக்குரிய குற்றம். ஆயினும் அந்தச் சட்டத்தின் எல்லை எது என்பதை உங்களில் பலர் நன்கு அறிவீர்கள். அது பெயரைத்தான் காக்கிறது. கோலத்தைக் காப்பதற்கு அதற்கு வலிமை போதாது. எனவே சிலர் எச்சரிக்கையாகத் 'தோடர்' என்ற சொல்லையே நீக்கிவிட்டு, 'பழங்குடிக் கோலம்' என்றோ 'மலைநாட்டுப் பாணி' என்றோ சீட்டு ஒட்டி, அதே எருமைக் கொம்பையும் அதே மலை முகட்டையும் விற்கிறார்கள். பெயரைச் சொல்லி விற்றால் வாங்குபவரை ஏமாற்றுகிறோம். பெயரைச் சொல்லாமல் விற்றால் படைத்தவரையே மறைத்துவிடுகிறோம். முதலாவதற்கு நீதிமன்றம் தண்டனை கொடுக்கும். இரண்டாவதற்குத் தண்டனை இல்லாததால் அது சிறிய தவறு என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு சமூகத்தின் பெயரை அதன் படைப்பிலிருந்தே பிரித்தெடுப்பது பொருளைத் திருடுவதினும் கொடியது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

'கலை எல்லோருக்கும் பொது. ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ளாமல் எந்தக் கலை வளர்ந்தது?' என்ற கேள்வியை நீங்கள் எழுப்புவீர்கள். உண்மையான கேள்விதான், அதற்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும். முத்துசுவாமி தீட்சிதரின் சகோதரர் பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலினைக் கற்று, அதை நம் சங்கீதத்துக்கு உரிய வாத்தியமாக ஆக்கினார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நம்மால் நினைக்கவும் முடியாது. அதை எவரும் களவு என்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. அவர் ஒரு குருவிடம் அமர்ந்து பயின்றார். பல்லாண்டு சாதகம் செய்தார். அவர் வாசித்ததனால் ஐரோப்பாவில் ஒரு வித்துவானும் பிழைப்பை இழக்கவில்லை. அந்த வாத்தியம் எங்கிருந்து வந்தது என்பதை இங்கே எவரும் மறைக்கவில்லை. அதிகாரத்தில் இருந்த சமூகத்தின் வாத்தியத்தை அடிமைப்பட்டிருந்த நாட்டுக் கலைஞர் கற்றுக்கொண்டது அது. இங்கே நடப்பதோ, பணமும் இயந்திரமும் விளம்பரமும் கொண்டவர்கள், இவற்றில் ஒன்றும் இல்லாத சமூகத்தின் ஒரே சொத்தை, கற்காமலும் கேளாமலும் எடுத்துக்கொள்வது. கற்றுக்கொள்வதற்கும் கவர்ந்துகொள்வதற்கும் உள்ள வேற்றுமையை இந்த மூன்று கேள்விகளால் அறியலாம்: உரியவரின் சம்மதம் இருந்ததா, உரியவரின் பெயர் நின்றதா, உரியவரின் பிழைப்பு தப்பியதா?

'மலிவாகக் கொடுத்தால்தானே சாமானியர் வாங்க முடியும். இதனால் தோடர் கலைக்கு விளம்பரம்தானே கிடைக்கிறது' என்று சொல்வோரும் உண்டு. சாமானியருக்கு மலிவான, அழகான துணி வேண்டும் என்பதில் ஆட்சேபம் இல்லை. அதற்கு உங்கள் கலைஞர்கள் புதிய கோலங்களைக் கற்பனை செய்யலாமே! அச்சுச் சால்வை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது, வாரக்கணக்கில் உழைத்த சால்வைக்குத் தோடப் பெண் சொல்லும் நியாயமான விலையை வாங்குபவர் அநியாயம் என்று நினைக்கிறார், பேரம் பேசுகிறார், 'அந்தக் கடையில் இதே சால்வை இவ்வளவுதானே' என்று அவள் முகத்துக்கு நேரே சொல்கிறார். விலையைக் குறைத்தால் கூலிக்குக் கட்டாது. குறைக்காவிட்டால் விலை போகாது. இந்த நெருக்கடியில் சிக்கிய தாய், தன் மகளுக்கு ஊசியைக் கொடுக்க ஏன் முன்வருவாள்? ஒரு கலையைப் பரப்புகிறோம் என்று சொல்லிக்கொண்டே, அதைக் கற்கவேண்டிய அடுத்த தலைமுறையை அதிலிருந்து விரட்டுவதை விளம்பரம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்படி ஒரு கலை செழிக்கும்போதே அதற்குரியவர் பின்னுக்குப் போன கதை நமக்குப் புதிதன்று. இசை வேளாளர் குலப் பெண்களும் நட்டுவனார்களும் காத்துவந்த சதிராட்டம், 1930களில் புதிய மேடையும் புதிய கௌரவமும் பெற்றது. உலகம் முழுவதும் அது சென்று சேர்ந்தது. அந்த வளர்ச்சியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் அதே காலத்தில், அந்த ஆட்டத்தைத் தங்கள் உடலில் தாங்கிவந்த குடும்பங்கள் பல, நிந்தைக்கு அஞ்சி மகள்களுக்கு அதைக் கற்பிப்பதையே நிறுத்திக்கொண்டன. பாலசரஸ்வதியைப் போன்ற மிகச் சிலரே எதிர்த்து நின்று, தங்கள் மேதையால் பரம்பரையின் உரிமையை நிலைநாட்டினார்கள். கலை வாழ்ந்தது; கலைக்கு உரியவர் ஒதுங்கினர். அந்தக் குறையைப் பற்றி இன்று நாம் எவ்வளவு எழுதினாலும் போனது திரும்பாது. தோடர் பூவேலையின் விஷயத்திலோ, திருத்திக்கொள்ள இன்னும் காலம் இருக்கிறது. அந்தப் பெண்கள் இன்றும் தைக்கிறார்கள். மந்து எனப்படும் அவர்களுடைய குடியிருப்புகளில் ஒன்று உதகையின் அரசுத் தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

துணியோடு நிற்காமல், அவர்களுடைய தெய்வ சம்பந்தமான காரியங்களிலும் நம் கை நீள்கிறது. தோடர் குடிலின் அரைவட்டக் கூரையை மாதிரியாகக் கொண்டு விடுதி அறைகளும் அலங்கார வளைவுகளும் கட்டுகிறார்கள். அவர்களுடைய பால்கோவில்களில் பெரும்பாலானவற்றின் தோற்றமும் ஏறக்குறைய அதே வடிவம்தான். பூசாரியன்றிப் பிறர் நுழையாத ஆலயத்தின் உருவத்தைத் தின்பண்டக் கடைக்கு முகப்பாக வைக்கிறோமோ என்று கட்டுபவர் எவரும் விசாரிப்பதாகத் தெரியவில்லை. பள்ளி ஆண்டு விழாக்களிலோ, பிள்ளைகளின் முகத்தில் கரி பூசி, இடுப்பில் தழை கட்டி, பொருளற்ற கூச்சலை எழுப்பவைத்து, 'ஆதிவாசி நடனம்' என்று அறிவிக்கிறார்கள். அந்த உடைகளை வாடகைக்குக் கொடுக்கும் கடைகளும் உங்களிடையே உண்டு. தமிழ்நாட்டில் எந்தப் பழங்குடியும் அந்தக் கோலத்தில் ஆடுவதில்லை. அந்தப் பள்ளியில் ஒரு தோடக் குழந்தையோ, இருளக் குழந்தையோ, பணியக் குழந்தையோ படித்துக்கொண்டிருந்தால், கைதட்டும் கூட்டத்தின் நடுவே அது எங்கே முகத்தை வைத்துக்கொள்ளும்?

அந்தரங்கமான விஷயங்களைப் பிறர் அறிவதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர் எப்போதும் அறியவந்தவராக இருப்பதில்லை. கேம்பிரிட்ஜிலிருந்து வந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற அறிஞர், தோடர்களைப் பற்றி 1906இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். இன்றுவரை அது மானிடவியலில் புகழ்பெற்ற நூல். தமக்குப் புனித ரகசியங்களைச் சொன்னவர்களில் சிலருக்கு நோயும் இழப்பும் நேர்ந்ததையும், அந்நியனிடம் ரகசியத்தை வெளியிட்டதால் தெய்வங்கள் கோபித்ததாக அம்மக்கள் அவற்றுக்குக் காரணம் கண்டதையும் அவரே அந்த நூலில் பதிவு செய்திருக்கிறார். தெய்வம் கோபித்ததா என்று நாம் தர்க்கம் செய்ய வேண்டாம். நூலாசிரியருக்குப் புகழ் வந்தது. சொன்னவர்களுக்கு மனத்தில் நீங்காத பயம் வந்தது. ஆராய்ச்சி என்ற உயர்ந்த நோக்கத்துக்கே இப்படியொரு விளைவு உண்டென்றால், லாபம் ஒன்றையே கருதிச் செய்யும் காரியத்தில் எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

நான் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாத லட்சியம் என்று தள்ளிவிட முடியாது. நடத்திக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். அகத்திய மலையில் காணிக்காரர்கள் களைப்பைப் போக்கிக்கொள்ளத் தின்ற ஆரோக்கியப்பச்சை என்ற செடியை 1987இல் அவர்களோடு மலையேறிய விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தைத் தயாரித்த திருவனந்தபுரம் தாவரவியல் ஆராய்ச்சி நிலையம், மருந்து தயாரிக்கும் உரிமத்துக்குக் கிடைத்த தொகையில் பாதியைக் காணிக்காரர்களுக்கென்று ஒதுக்கியது. அதை நிர்வகிக்க அவர்களுடைய அறக்கட்டளை ஒன்றும் உருவாயிற்று. அந்த ஏற்பாட்டில் பின்னாளில் இடர்கள் தோன்றாமலில்லை. ஆனாலும், அறிவைத் தந்தவருக்குப் பங்கு உண்டு என்ற தர்மம் அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டது. நியூசிலாந்தில் மாவோரி மக்களின் 'கா மாத்தே' என்ற ஹக்கா ஆட்டம், விளையாட்டு மைதானங்களிலும் விளம்பரங்களிலும் கண்டபடி புழங்கியபோது, 2014இல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, அந்த ஹக்காவைப் படைத்த தே ரௌபராஹாவின் பெயரையும், அவருடைய ங்காத்தி தோவா குலத்தையும் வணிகத்துக்கு உபயோகிப்பவர்கள் குறிப்பிட வேண்டும் என்று விதித்தது. மெக்சிகோவின் ஒவஹாக்கா மலையிலுள்ள த்லாவித்தோல்தெபெக் என்ற ஊரின் மரபுச் சட்டை, பாரிஸ் வடிவமைப்பாளர் ஒருவரின் ஆடைத் தொகுப்பில் தோன்றியபோது, 2015இல் அந்தச் சிற்றூர் உலகறிய எதிர்ப்புக் குரல் எழுப்பியது. 2022இல் அந்நாடு பழங்குடிகளின் பண்பாட்டுச் சொத்தைக் காக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. பங்கு கொடுப்பதும், பெயர் சொல்வதும், அனுமதி கேட்பதும் உலகில் நடக்கும் காரியங்களே. நீலகிரியில் மட்டும் அவை நடவாதிருக்க ஒரு நியாயமும் இல்லை.

ஆகவே, என் விண்ணப்பத்தை இப்போது தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

அச்சடித்தும் இயந்திரத்தில் தைத்தும் தயாரித்த துணிகளிலிருந்து தோடர் பெயரை இன்றே நீக்குங்கள். நீக்கியதோடு நில்லாமல், அந்தக் கோலங்களையே இனி அச்சிடுவதில்லை என்று தீர்மானம் செய்யுங்கள். இருப்பில் உள்ள சரக்கை விற்றுத் தீர்த்தாக வேண்டுமானால், இது அச்சுத் துணி, தோடர் கைவேலை அன்று என்று வாங்குபவருக்குத் தெரியும்படி எழுதி வையுங்கள். உண்மையைச் சொல்வதால் வரும் நஷ்டம் சிறிது காலத்துக்கே. உங்களிடம் வாங்குபவரின் நம்பிக்கையோ நெடுங்காலம் நிற்கும்.

உண்மையான பூவேலையை விற்க விரும்பினால், அதைத் தோடப் பெண்களிடமிருந்தும் அவர்களுடைய சங்கத்திடமிருந்துமே வாங்குங்கள். அவர்கள் சொல்லும் விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். வேலை முடிந்த பிறகு பணம் என்று இழுத்தடிக்காமல், நூலும் துணியும் வாங்கிக்கொள்ள முன்பணம் தந்து உதவுங்கள். தைத்தவர் சம்மதித்தால் அவர் பெயரையும் அவருடைய மந்தின் பெயரையும் சீட்டில் அச்சிடுங்கள்; புவிசார் குறியீட்டின் முத்திரையையும் அதனுடன் சேருங்கள். விற்பனை செய்யும் பணியாளருக்கு, துணியைத் திருப்பிக் காட்டி வேலைப்பாட்டை விளக்கக் கற்றுக்கொடுங்கள். ஏன் இந்த விலை என்பதை வாங்குபவர் அப்போது தாமே புரிந்துகொள்வார்.

புதிதாக ஒரு பொருளில் அந்தக் கோலத்தைப் பயன்படுத்த எண்ணும் வடிவமைப்பாளர்களே, மந்துக்குச் சென்று பெரியவர்களிடமும் தைக்கும் பெண்களிடமும் முதலில் கேளுங்கள். இது இறந்தோருக்கு உரியது, இது கோவிலுக்கு உரியது, இதைத் தொட வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், காரணம் கேட்டு அவர்களை வருத்தாமல் திரும்பி வாருங்கள். அவர்கள் உடன்பட்டால், லாபத்தில் அவர்களுக்கும் ஒரு பங்கை எழுத்துமூலமாகவே உறுதி செய்யுங்கள். 'கூடாது' என்று அவர்கள் சொல்வதற்கு இடமிருந்தால்தான், 'ஆகட்டும்' என்று அவர்கள் சொல்வதற்கும் பொருளுண்டு.

பழங்குடி நடனம் என்ற பெயரில் தழையும் கரியும் வாடகைக்குக் கொடுக்கும் கடைக்காரர்கள், அந்த உடைகளை விட்டொழியுங்கள். விடுதி கட்டுவோர், ஆலய வடிவத்தில் கை வைக்குமுன் அந்த ஆலயத்துக்குரியவர்களை விசாரியுங்கள்.

வாடிக்கையாளராகிய எங்களுக்கும் இதில் கடமை உண்டு என்பதை மறுக்கவில்லை. மலிவை மட்டுமே தேடும் கைகள் இருக்கும்வரை, மலிவை உற்பத்தி செய்யும் இயந்திரங்களும் ஓடத்தான் செய்யும். ஆனாலும் கடையில் எதை வைப்பது, எந்தப் பெயரில் வைப்பது என்பதை முடிவு செய்பவர்கள் நீங்களே; ஒரு சமூகத்தின் மானமும் பிழைப்பும் உங்கள் அலமாரியில் நீங்கள் ஒட்டும் சிறு சீட்டைச் சார்ந்து நிற்கின்றன. மலைமேல் வாழும் இரண்டாயிரம் பேர் உங்களிடம் தானம் கேட்கவில்லை. தங்களுடையதைத் தங்களுடையது என்று சொல்லும்படிதான் கேட்கிறார்கள். அதைச் செய்யுங்கள். நாளையே தொடங்குங்கள்.

இங்ஙனம்,
உங்கள் கடைகளில் துணி வாங்கும் ஒருவன்.